வடபுலத்து ரூன் எழுத்துக்கள்

டென்மார்க் நாட்டின் தென்பகுதியிலே கலெஹூஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 1639ஆம் ஆண்டில், பின்னல் வேலை செய்து பிழைத்து வந்த ஓர் ஏழைப் பெண் அவ்வூர் வழியே நடந்து செல்கையில், நிலத்திலிருந்து ஏதோவொன்று காலில் இடறிற்று. மரத்தின் வேரென்று எண்ணினாள். தோண்டிப் பார்த்தபோது அது பொன்னாலாகிய கொம்பாக இருந்தது. 95 ஆண்டுகள் கழித்து, 1734இல், அவ்விடத்துக்கு அண்மையிலே ஓர் உழவர் இரண்டாவது பொற்கொம்பைக் கண்டெடுத்தார். இதன் வாய் விளிம்பிலே ஒரு வரி எழுத்து வெட்டப்பட்டிருந்தது. இரு கொம்புகளும் கொப்பன்ஹேகன் நகரிலுள்ள அரசரின் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. 1802ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பொற்கொல்லன் அவற்றைத் திருடி உருக்கிவிட்டான். வடஐரோப்பாவின் தலைசிறந்த இரு செல்வங்கள் ஓர் இரவில் அழிந்தன.

ஆயினும் ஒன்று அழியவில்லை. இரண்டாவது கொம்பு கிடைத்த காலத்திலேயே அதன் உருவையும் அதிலிருந்த எழுத்துக்களையும் அறிஞர் வரைந்து வைத்திருந்தனர். அவ்வரியிலே, கி.பி. 400 அளவில் வாழ்ந்த லேவகஸ்தி என்பான் தன் பெயரைக் கூறி, அக்கொம்பைச் செய்தவன் தானே என்று அறிவிக்கிறான். பொன் போயிற்று, செய்தவன் பெயர் நின்றது. அப்பெயரை நிலைநிறுத்திய எழுத்தே ரூன் எழுத்து.

இன்றைய டேனியர், சுவீடியர், நோர்வேஜியர், ஐஸ்லாந்தர், ஆங்கிலேயர், ஜேர்மனியர் முதலியோர் பேசும் மொழிகள் ஜேர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இம்மொழிகளைப் பேசிய முன்னோர், இலத்தீன் எழுத்தைக் கைக்கொள்வதற்கு முன்னர் வழங்கிய எழுத்துக்களே ரூன்கள். 'ரூன்' என்னும் சொல்லுக்கு மறைபொருள், இரகசியம் என்பது பொருள். நான்காம் நூற்றாண்டிலே வேதாகமத்தைக் கொத்திய மொழியில் பெயர்த்த உல்பிலா என்னும் ஆயர், இறைவனது மறைபொருளைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டார். காதோடு காதாக மெல்லப் பேசுவதைக் குறிக்கும் ஜேர்மன் வினைச்சொல்லொன்றும் இவ்வேரிலிருந்து வந்ததே. பெயரே இரகசியமாதலின், எழுத்தும் மந்திர எழுத்தாகத்தான் இருந்திருக்கும் என்று பிற்காலத்தார் பலர் நம்பினர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை, அது யாரை எங்கே கொண்டு சென்றது என்பன ஆராயத்தக்கன.

ரூன்களின் தொன்மையை முதலிற் காண்போம். டென்மார்க்கின் பியூன் தீவிலே, விமோஸ் என்னுமிடத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு சீப்புக் கிடைத்தது. அதிலே 'ஹர்யா' என்னும் சொல் ஐந்து எழுத்துக்களாற் கீறப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. 160 அளவு என்பர். நெடுங்காலமாக இதுவே ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய ரூன் சான்றாகக் கொள்ளப்பட்டது. 2021ஆம் ஆண்டில் நோர்வே நாட்டிலே, ஒஸ்லோ நகருக்கு வடமேற்கே, ஒரு பழைய புதைகுழியை அகழ்ந்தவர்கள் எழுத்துப் பொறித்த கல்லொன்றைக் கண்டனர். குழியிலிருந்த கரியையும் எலும்பையும் சோதித்தபோது, அதன் காலம் கி.மு. 50க்கும் கி.பி. 275க்கும் இடைப்பட்டதெனத் தெரிந்தது. அக்கல்லின் ஒரு பக்கத்திலே ரூன் வரிசையின் முதல் மூன்று எழுத்துக்கள் மட்டும் உள. எழுதப் பழகிய ஒருவர் கை அக்கல்லிலே தெரிகின்றது.

இவ்வெழுத்தை முதலில் அமைத்தவர் யார்? ஓடின் என்னும் தெய்வம் ஒன்பது இரவுகள் ஒரு மரத்திலே தொங்கித் தவமிருந்து ரூன்களைப் பெற்றதென வடபுலத்துப் பழங்கதை கூறும். வரலாற்றறிஞர் கூறும் விடை வேறு. டேனிய அறிஞர் லுட்விக் விம்மர் 1874இல் ரூன்கள் இலத்தீன் எழுத்திலிருந்து பிறந்தவை என்றார். கிரேக்க எழுத்தே மூலமென்றனர் வேறு சிலர். ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வழங்கிய வடஇத்தாலிய எழுத்துக்களைச் சுட்டினர் மற்றுஞ் சிலர். இவர்களுக்குச் சான்றாக நிற்பது ஒரு தலைக்கவசம். 1811இல் இன்றைய சுலோவேனியா நாட்டிலே வெண்கலக் கவசங்கள் பல ஒருங்கே கிடைத்தன. அவற்றுள் ஒன்றிலே வடஇத்தாலிய எழுத்தில் 'ஹரிகஸ்தி' என்னும் ஜேர்மானியப் பெயர் வெட்டப்பட்டுள்ளது. தெற்கத்திய எழுத்தும் வடக்கத்திய மொழியும் ஒரே கவசத்திற் கூடியிருப்பதை அங்கே காண்கிறோம். அறிஞரிடையே இன்றும் முடிவான உடன்பாடில்லை. எனினும் ஒன்றில் அனைவரும் ஒத்துள்ளனர். ரூன்கள் தனித்துப் பிறந்தவையல்ல. மத்தியதரைக் கடலோரத்து எழுத்துக்களைக் கண்டு, அவற்றைத் தம் மொழிக்கேற்ப மாற்றிக்கொண்ட மக்களின் ஆக்கம் அவை. கலப்பற்ற தூய எழுத்தென்று அவற்றைப் பின்னாளிற் போற்றியோர் மறந்த உண்மை இது.

ரூன்களின் வடிவத்தைப் பார்த்தவுடன் ஒன்று புலப்படும். அவற்றிலே வளைவுகள் அரிது; கிடைக்கோடுகளும் அரிது. நேராக நிற்கும் கோடுகளும், சாய்ந்து செல்லும் கோடுகளுமே மிகுதி. எழுதப்பட்ட பொருள் மரம். எழுதிய கருவி கத்தி. பலகையின் நாரோட்டத்தை ஒட்டிக் கிடையாகக் கீறினால் கோடு நாரோடு கலந்து மறையும், மரமும் பிளக்கும். நாரைக் குறுக்கே வெட்டும் கோடுகளே தெளிவாக நிற்கும். உழவனும் வணிகனும் இடுப்பிலே செருகிய கத்தியும், கையிற் கிடைத்த மரத்துண்டுமே எழுதுகோலும் ஏடுமாயின. மரம் மக்கிப்போயிற்று, கல்லும் உலோகமும் எஞ்சின. அதனாலேயே ரூன் என்றதும் நமக்குக் கல்வெட்டு நினைவுக்கு வருகின்றது.

பழைய வரிசையில் 24 எழுத்துக்கள் இருந்தன. முதல் ஆறு எழுத்துக்களின் ஒலியைச் சேர்த்து அவ்வரிசையை 'ஃபுதார்க்' என்பர். சுவீடனின் கொத்லாந்துத் தீவிலே 1903இல் கிடைத்த, கி.பி. 400 அளவைச் சேர்ந்த கல்லொன்றில் இவ்வரிசை முழுவதும் பொறிக்கப்பட்டுள்ளது. எட்டெட்டாக மூன்று கூட்டங்களாய் இவ்வெழுத்துக்களைப் பகுப்பதும் மரபு.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரின் முதலொலியே பெரும்பாலும் எழுத்தின் ஒலியாகும். முதலெழுத்தின் பெயர் கால்நடை என்றும் செல்வம் என்றும் பொருள்படும். பழந்தமிழிலே 'மாடு' என்னும் சொல் செல்வத்தையும் குறித்ததை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது. அடுத்த எழுத்து காட்டெருது. பின்வருவனவற்றுள் பயணம், கொடை, மகிழ்ச்சி, ஆலங்கட்டி, இன்மை, பனிக்கட்டி, நல்விளைச்சல் தரும் ஆண்டு, ஞாயிறு, பூர்ச்ச மரம், குதிரை, மனிதன், நீர், பகல், முன்னோர் விட்ட நிலம் என்பன உள. தெய்வப் பெயர்களும் அரக்கன் பெயரும் இடையிடையே வரும். இப்பெயர்களை ஒருங்கே நோக்கின், குளிர் நாட்டில் நிலத்தையும் மாட்டையும் நம்பி வாழ்ந்த மக்களின் வாழ்வு முழுவதும் கண்முன் தோன்றும். பனிக்கு அஞ்சியதும், வெயிலுக்கு ஏங்கியதும், விளைச்சலை எதிர்பார்த்ததும் அவ்வெழுத்துப் பெயர்களிலேயே தங்கியுள்ளன. ரூன்களின் பொருளைத் தேடுவோர் முதலிற் காணவேண்டியது இதுவே.

இப்பெயர்கள் நமக்குக் கிட்டியது ரூன் பாட்டுக்கள் எனப்படும் சிறு செய்யுள்களாலாகும். எழுத்துக்கு ஒரு பாட்டாக, பெயரை விளக்கிச் செல்லும் அவை, மாணவர் நினைவிற் கொள்ளுதற்கேற்ற அமைப்புடையன. பழைய ஆங்கிலத்திலும், நோர்வே, ஐஸ்லாந்து மொழிகளிலும் அவை உள. ஆங்கிலப் பாட்டின் ஒரே கையெழுத்துச் சுவடி 1731ஆம் ஆண்டு இலண்டனில் நேர்ந்த தீயில் அழிந்தது. ஜோர்ஜ் ஹிக்ஸ் என்னும் அறிஞர் 1705இலேயே அதனை அச்சேற்றியிருந்தமையால் பாட்டுப் பிழைத்தது.

அப்படியாயின் மந்திரத்துக்கு இவ்வெழுத்தோடு தொடர்பே இல்லையா எனில், அவ்வாறு கூறுவதும் தவறு. சுவீடனின் பிளேக்கிங் பகுதியிலே நாலு மீற்றருக்கு மேல் உயர்ந்த கல்லொன்று நிற்கின்றது. அதனை உடைப்பவனுக்குச் சாவு நேரும் என்னும் சாபம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. உரோம வரலாற்றாசிரியர் தசித்தஸ் கி.பி. 98இல் எழுதிய நூலிலே, ஜேர்மானியர் கனிமரக் கொம்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குறிகள் இட்டு, வெள்ளைத் துணியிலே வீசிக் குறி பார்த்தனர் என்கிறார். அக்குறிகள் ரூன்கள்தாம் என்று அவர் கூறவில்லை. எழுத்தறிவு அரிதாக இருந்த எந்தச் சமுதாயத்திலும் எழுத்துக்கு ஆற்றல் உண்டென்று மக்கள் நம்புவது இயல்பே. அவ்வாற்றலை எண்ணிச் சாபமும் எழுதினர், காப்பும் எழுதினர். ஆனால் அதை மட்டுமே எழுதினர் என்பதற்குச் சான்றில்லை.

இவ்விடத்தில் ஐஸ்லாந்தின் எகில் சரிதையில் வரும் ஒரு கதை நினைக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலின் நாயகன் எகில், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரன், புலவனுங்கூட. அவன் ஒரு குடியானவன் வீட்டுக்குச் சென்றபோது, அவ்வீட்டு மகள் நெடுநாள் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தாள். படுக்கையை ஆராய்ந்த எகில், ரூன் பொறித்த திமிங்கில எலும்பொன்றைக் கண்டான். அயலூர் இளைஞன் ஒருவன் அவளது காதலைப் பெற எண்ணிக் கீறியவை அவ்வெழுத்துக்கள். அவனுக்கோ எழுத்துச் சரிவரத் தெரியாது, பிழையாகக் கீறிவிட்டான். எகில் அவ்வெழுத்துக்களைச் சுரண்டி நெருப்பிலிட்டு, வேறு ரூன்களைப் பொறித்து அவள் தலையணையின் கீழ் வைத்தான். அவள் குணமடைந்தாள். வாசிக்கத் தெரியாதவன் எழுத்தைத் தொடலாகாது என்பதே அக்கதையின் படிப்பினை. கதை கற்பனையாகலாம். ஆயினும் ரூன்களின் பிற்கால வரலாறு அப்படிப்பினையை மெய்ப்பித்தது.

எட்டாம் நூற்றாண்டளவிலே ஸ்கந்திநேவிய நாடுகளில் 24 எழுத்துக்கள் 16ஆகக் குறைந்தன. மொழியில் ஒலிகள் பெருகிய வேளையிலே எழுத்துக்கள் சுருங்கியது வியப்புக்குரியது. வல்லொலிக்கும் அதன் மெல்லிய இணையொலிக்கும் ஓரெழுத்தே நின்றது. தமிழ் எழுத்தைப் பயின்றோர்க்கு இது புதுமையன்று. இங்கிலாந்திலோ இதற்கு மாறாக எழுத்துக்கள் 28ஆகவும் அதற்கு மேலும் பெருகின.

பதினாறெழுத்துக் காலமே ரூன் கற்களின் பொற்காலம். சுவீடனில் மாத்திரம் 2,000க்கு மேற்பட்ட ரூன் கற்கள் உள. அவற்றிற் பெரும்பாலானவை பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவை கூறுவது மந்திரமன்று, இறந்தோரின் நினைவு. இன்னார் இக்கல்லை இன்னார் நினைவாக நாட்டினர் என்பதே வழக்கமான வாசகம். கிரிப்ஸ்ஹோம் என்னுமிடத்துக் கல்லைத் தோலா என்னும் தாய் தன் மகன் ஹரால்டின் நினைவாக நாட்டினாள். இங்வார் என்னும் தலைவனோடு பொன் தேடித் தொலைதூரஞ் சென்ற அவன், சரசேனியர் நாட்டிலே மாண்டான். அந்தப் பயணத்தில் மடிந்தோருக்காக நாட்டப்பட்ட கற்கள் ஏறக்குறைய 25 உள. ஹஸ்மீரா என்னும் பண்ணையிலே ஒரு கணவன் தன் மனைவி ஒடின்டீசாவுக்குக் கல் நாட்டினான். இல்லத்தை நடத்துதற்கு அவளிலும் மேலான மனைக்கிழத்தி இனி அங்கு வரப்போவதில்லை எனப் பொருள்பட அதிலே பொறித்தான். அரசரும் கல் நாட்டினர். டென்மார்க்கின் யெலிங் ஊரிலே ஹரால்டு மன்னன் 965 அளவில் நாட்டிய பெருங்கல், அவன் தந்தையையும் தாயையும் நினைவுகூர்ந்து, டேனியரைக் கிறிஸ்தவராக்கியவன் அவனே என்றும் சாற்றுகின்றது.

இதிலிருந்து மற்றொரு தவறான கருத்தும் நீங்கும். ரூன்கள் பழைய சமயத்தாரின் எழுத்து. கிறிஸ்தவம் வந்து அவற்றை ஒழித்தது எனப் பலர் கூறுவர். யெலிங் கல்லிலே கிறிஸ்துவின் உருவமே செதுக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்திலே 698இல் தூய கத்பேர்ட்டுக்குச் செய்த பேழையில் இயேசுவின் பெயர் ரூன் எழுத்தில் உண்டு. ஸ்கொத்லாந்தின் ரத்வெல் சிலுவையிலே சிலுவையைப் பற்றிய ஆங்கிலக் கவிதை ரூன்களால் வெட்டப்பட்டுள்ளது. எழுத்து எந்தச் சமயத்துக்கும் உடைமையாக இருக்கவில்லை.

1955ஆம் ஆண்டிலே நடந்த ஒரு விபத்து ரூன்களைப் பற்றிய நம் அறிவையே மாற்றியது. நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில், பிரிக்கன் என்னும் பழைய வணிகப் பகுதி அவ்வாண்டு தீப்பற்றி எரிந்தது. எரிந்த நிலத்தை அஸ்பியோர்ன் ஹெர்தைக் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் அகழ்ந்தார். ஈர மண்ணுள் மக்காது கிடந்த மரக்குச்சிகளும் எலும்புகளுமாக, ரூன் எழுதப்பட்ட ஏறக்குறைய 670 பொருள்கள் வெளிவந்தன. அவற்றிற் பெரும்பாலானவை 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலானவை. மூடைகளிற் கட்டிய பெயர்ச் சீட்டுக்களும், வணிகர் கடிதங்களும், மரியன்னை மீதான வேண்டுதல்களும், காதற் சொற்களும், எழுத்துப் பழகியோரின் வரிசைகளும் அங்கிருந்தன. உரோமக் கவிஞர் வேர்ஜிலின் வரியொன்றைக் கூட ஒருவர் ரூனில் எழுதியிருந்தார். ஒரு குச்சியிலே, "வீட்டுக்கு வா" என்று கீடா என்பாள் சொல்லியனுப்பிய செய்தி உள்ளது. மதுக்கடையில் இருந்த கணவனுக்கு மனைவி அனுப்பியது அது என ஊகிப்பர். அதன் கீழே யாரோ மறுமொழி எழுத முயன்றிருக்கிறார். அது வாசிக்க முடியாதபடி சிதைந்திருக்கின்றது.

பேர்கன் நகருக்கு இலத்தீன் எழுத்து அந்நாளில் வந்து நெடுங்காலமாயிற்று. தோலேட்டில் மையால் எழுதியவர் குருமாரும் அரசலுவலரும். மரக்குச்சியிற் கத்தியாற் கீறியவர் பொதுமக்கள். இரகசிய எழுத்தெனப் பெயர் பெற்றது, ஊரார் அனைவரும் கையாண்ட எழுத்தாக இருந்தது. பின்னர் தாளும் அச்சும் பரவ, ரூன் வழக்கு மெல்ல ஒடுங்கியது. சுவீடனின் டாலர்னா மாகாணத்து எல்வ்டாலன் பகுதியில் மட்டும், குடியானவர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ரூன்களை எழுதி வந்தனர்.

மக்கள் கைவிட்ட எழுத்தைக் கற்பனையாளர் கையிலெடுத்தனர். வியன்னா நகரைச் சேர்ந்த கீடோ பொன் லிஸ்ட் என்பவர் 1902இல் கண்ணிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டு பல மாதம் பார்வையின்றி இருந்தார். அக்காலத்திலே ரூன்களின் இரகசியம் தமக்கு அகக்கண்ணிற் புலப்பட்டதென்று கூறி, 1908இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் காட்டிய 18 எழுத்து வரிசை எந்தக் கல்லிலும் எந்தச் சுவடியிலும் இல்லாதது. ஞாயிற்றைக் குறித்த பழைய எழுத்துக்கு வெற்றி என்னும் பொருளைச் சூட்டினார். ஜேர்மானியர் உயர்குலத்தோர் என்னும் கருத்தை எழுத்துக்குள்ளே புகுத்தினார்.

அக்கற்பனை நூலோடு நிற்கவில்லை. 1930களிலே ஹிட்லரின் ஆட்சியில் ஹிம்லரின் படை, அவ்வெழுத்தை இரட்டித்துத் தன் சின்னமாக்கியது. இலட்சக்கணக்கான யூதரையும் பிறரையும் கொன்றொழித்த அப்படையினர், கழுத்துப்பட்டியிலே அதனை அணிந்திருந்தனர். கொடிய குளிரிலே வெயிலுக்கு ஏங்கிய மக்கள் ஞாயிறு எனப் பெயரிட்ட எழுத்து, கொலைஞரின் அடையாளமாயிற்று. போருக்குப் பின்னர் ஜேர்மனியின் சட்டம் அச்சின்னத்தைப் பொது இடத்திற் காட்டுவதைக் குற்றமாக்கியது. இன்றும் இனவெறியாளர் சிலர் ரூன்களைத் தம் கொடிகளில் தீட்டுவதுண்டு. எகில் சரிதையின் இளைஞன் ஒரு பெண்ணைத்தான் நோயிலே தள்ளினான். இவர்கள் பிழையாக வாசித்த எழுத்து ஒரு கண்டத்தையே நோயிலே தள்ளிய கூட்டத்துக்குக் கொடியாயிற்று.

நோய்க்கு மருந்தும் எழுத்தை ஒழிப்பதன்று. அதனைச் சரியாக வாசிப்பதே. வடநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அரும்பொருளகங்களிலும் அறிஞர் அப்பணியைப் பொறுமையோடு செய்து வருகின்றனர். 1999இல் ரூன்கள் கணினிகளுக்கான உலகப் பொது எழுத்துக் குறியீட்டிலே இடம்பெற்றன. யெலிங் கல்லை நாட்டிய ஹரால்டு மன்னனின் பட்டப்பெயர் 'நீலப்பல்'. அதன் ஆங்கில வடிவமான புளூடூத் என்பதே, கம்பியின்றிக் கருவிகளை இணைக்கும் முறையொன்றின் பெயராயிற்று. அம்மன்னன் பெயரின் இரு முதலெழுத்து ரூன்களைப் பின்னி அமைத்த சின்னம் இன்று கைத்தொலைபேசி தோறும் காணப்படுகின்றது. உலகெங்கும் மக்கள், ரூன் என்றறியாமலே ரூன்களைத் தொட்டு வருகின்றனர்.

ஓர் எழுத்தின் பெருமை அதற்குப் பின்னாளில் ஏற்றிச் சொல்லப்படும் இரகசியத்தில் இல்லை. அதனால் மக்கள் எழுதி வைத்தவற்றில் உள்ளது. தன் கைவினையிற் பெயரை வெட்டினான் பொற்கொல்லன் ஒருவன். திரும்பி வராத மகனுக்குக் கல் நாட்டினாள் ஒரு தாய். மனைவியின் அருமையை ஊரறியச் சொன்னான் ஒரு கணவன். பொழுதாயிற்று, வீட்டுக்கு வா என அழைத்தாள் ஒருத்தி. ரூன்கள் காத்து வைத்த மறைபொருள் இவைதாம். வாசிக்கக் கற்றவர் எவருக்கும் அவை மறைவானவையல்ல.